காத்து நிற்கும் வேண்டுகை

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இவ்விழாவிலே பேசுமாறு எம்மைப் பணித்தபோது மன்றத்தார் விதித்த நிபந்தனை ஒன்றே. பேச்சு இளைஞருக்குப் பயன்பட வேண்டும், மூத்தோருக்கு விளங்கவும் வேண்டும் என்றார்கள். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுதல் எளிதன்று. ஆயினும் துணிந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். இணையத்தின் வழியே இருபுறமும் செய்தி போய் வருகையில், ஒரே வேளையில் எழும் பல வேண்டுகைகளை எவ்வாறு ஒழுங்குபடுத்துகிறார்கள் என்பதே அப்பொருள்.

இதிலே என்ன புதுமை இருக்கிறது, கைத்தொலைபேசியில் ஒரு விரலால் தட்டினால் கட்டாரிலே தொழில் செய்யும் மகனுக்குச் செய்தி போகிறதே, மறுகணமே மறுமொழியும் வருகிறதே என்று மூத்தோர் கேட்கலாம். வருகிறது, மெய்தான். ஆனால் இணையப் பக்கங்களைப் பொறுத்தமட்டில், அவ்வாறு வருவதற்கென அமைக்கப்படாத ஒரு பாதையாலேயே அது நெடுங்காலம் வந்துகொண்டிருந்தது.

இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து தரும் ஒழுங்குமுறைக்கு எச்.ரீ.ரீ.பி. என்று பெயர். ஐரோப்பாவிலே சேர்ண் என்னும் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989ஆம் ஆண்டு தொடங்கி வகுத்தது அது. ஆய்வாளர் தம் கட்டுரைகளை ஒருவருக்கொருவர் எடுத்துப் படிக்கவே அவர் அதை அமைத்தார். ஆகையால் அதன் குணம் வாசிகசாலையின் குணம். ஒருவர் கேட்பார், மற்றவர் எடுத்துக் கொடுப்பார், கொடுத்ததோடு அலுவல் முடிந்தது. கேட்கும் கணனி அனுப்புவதை வேண்டுகை என்றும், கொடுக்கும் கணனியை வழங்கி என்றும், அது திருப்பி அனுப்புவதை மறுமொழி என்றும் சொல்லுவோம். இதில் அடிப்படையான விதியொன்று உண்டு. வழங்கி தானாக வாய் திறவாது. கேட்டால் மட்டுமே சொல்லும். ஒரு வேண்டுகைக்கு ஒரு மறுமொழி.

புத்தகம் வாங்கிப் படிக்க இவ்விதி போதும். உரையாடலுக்கு எப்படிப் போதும்? மகன் கட்டாரிலிருந்து ஒரு சொல் அனுப்பியிருக்கிறான், அது வழங்கியிடம் வந்து கிடக்கிறது. தாயாரின் கணனி கேட்காத வரையில் வழங்கி அதைச் சொல்லாது. சொல் வந்து கிடப்பது தெரியாமல் தாயார் எப்படிக் கேட்பார்?

இதை நம்மூர்க் காரியத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மருதமுனையிலே தறி போட்டிருக்கும் ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். தறிக்கு நூல் வேண்டும். நூல், கல்முனைக் கடைத்தெருவிலுள்ள ஒரு முதலாளியிடம் வரும். எப்போது வருமென்று அவருக்கே தெரியாது. அவர் கடையில் ஒரு வழக்கம், வீட்டுக்கு ஆளனுப்பிச் சொல்லமாட்டார். வீட்டாரே ஆளனுப்பிக் கேட்க வேண்டும். உம்மா மூத்த மகனை அனுப்புகிறார்.

"முதலாளி, நூல் வந்திட்டா?"

"இல்ல மகன், இன்னும் வரல்ல."

பையன் திரும்பி வருகிறான். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் போகிறான். மறுபடியும் அதே சொல். பொழுது சாய்வதற்குள் அவனுக்குக் கால் ஓய்ந்துவிடும், முதலாளிக்கு வாய் ஓய்ந்துவிடும். அவன் திரும்பிப் பாதி வழியில் வரும்போது நூல் வந்திறங்கினால், அடுத்த முறை அவன் போகும் வரை அது சும்மா கிடக்கும். இணையத்திலே முதன்முதலில் கையாண்ட முறை இதுதான். நொடிக்கொரு தடவை கேட்டுக்கொண்டிருப்பது. வேண்டுகைகளிற் பெரும்பாலானவை வெறுங்கையோடு திரும்பும்.

பிறகு ஒருவருக்கு யோசனை தோன்றியது. பையன் ஏன் திரும்பி வரவேண்டும்? நூல் வரும் வரை கடை வாசலிலேயே நிற்கட்டுமே! முதலாளியும் உடனே "இல்லை" என்று சொல்லாமல் "நில் மகன்" என்று நிறுத்திவைக்கட்டும். நூல் வந்த கணமே அவன் கையில் கொடுத்துவிடலாம். கேட்டால்தான் சொல்லுவேன் என்ற வழக்கமும் கெடவில்லை, ஏனெனில் கேள்வி முன்னமே கேட்கப்பட்டு நிற்கிறது. இதை லோங் போலிங் என்பர். நாம் நெடுங்காத்திருப்பு என்று சொல்லுவோம். 2006ஆம் ஆண்டில் அலெக்ஸ் ரஸல் என்பவர் இவ்வகை முறைகளுக்கெல்லாம் சேர்த்து கொமற் என்று பெயரிட்டார். வால்வெள்ளி என்று பொருள். பெயருக்கும் காரியத்துக்கும் என்ன உறவோ, அறியோம்.

பையனை எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்பது தனிக் கேள்வி. கடைக்கும் வீட்டுக்கும் இடையில் வேறு காவற்காரரும் இருக்கிறார்கள். ஒருவன் அசையாமல் நெடுநேரம் நின்றால், இவனுக்கு இங்கு அலுவலில்லை என்று அவர்கள் துரத்திவிடுவார்கள். 2011 ஏப்பிரலில் இம்முறைகளை ஆராய்ந்து வெளிவந்த ஆர்.எப்.சி. 6202 என்னும் ஏடு, 120 செக்கன் வரை நிறுத்திப் பார்த்தவர்களுக்கும் பலித்திருக்கிறது, எனினும் 30 செக்கனே பத்திரமானது என்று கூறுகிறது. அதற்குள் செய்தியெதுவும் வராவிடில் வழங்கி வெறும் மறுமொழி ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடும். கேட்பவர் உடனே புதிய வேண்டுகையை அனுப்புவார்.

இனி நம் பொருளின் மையத்துக்கு வருகிறோம். மூத்தவன் கடை வாசலில் நிற்கிறான். அவ்வேளையிலே உம்மாவுக்கு ஒரு காரியம் நினைவுக்கு வருகிறது. சிவப்பு நூலோடு நீலமும் வேண்டுமென்று சொல்ல வேண்டும். யாரை அனுப்புவது? போனவன் திரும்பினால்தான் ஆளுண்டு. ஆகையால், கேட்பதற்கு ஒருவன் நிற்கும்போது சொல்லுவதற்கு இன்னொருவன் வேண்டும். இளையவன் புறப்படுகிறான்.

இருவரையும் கடையில் நிறுத்திவிட்டால் மறுபடியும் வீட்டில் ஆளில்லை அல்லவா? எனவேதான் இந்த விதி பிறந்தது: இளையவன் கடைப்படியில் கால் வைத்ததும், முதலாளி மூத்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், வெறுங்கையோடாயினும் சரி. இளையவன் கொண்டுவந்த சீட்டை வாங்கிக்கொண்டு, இப்போது அவனை நிறுத்திவைக்க வேண்டும். அவ்வளவுதான். எந்நேரமும் ஒருவன் கடையில் நிற்பான், ஒருவன் வீட்டில் இருப்பான், அல்லது வீட்டை நோக்கி வந்துகொண்டிருப்பான். இருபுறமும் எவ்வேளையும் பேசலாம். விதியை மீறாமலே விதியின் குறையைப் போக்கிய இந்த உபாயத்தை நினைக்குந்தோறும் எமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

இது கற்பனையன்று. 1999இல் ஜெரமி மில்லர் வெளியிட்ட ஜாபர் என்னும் செய்திமுறை, பிற்பாடு எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயர் பெற்றது. அதை எச்.ரீ.ரீ.பி. மேல் ஏற்றி நடத்துவதற்கு வகுத்த முறைக்குப் பொஷ் என்று பெயர். அதன் ஏட்டிலே, நிறுத்திவைக்கத்தக்க வேண்டுகை எத்தனை, ஒரே வேளையில் அனுப்பத்தக்க வேண்டுகை எத்தனை, எத்தனை செக்கன் காத்திருப்பது என்பன உரையாடலின் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்யப்படுகின்றன. வழக்கமான எண்கள் நிறுத்துவதற்கு ஒன்று, அனுப்புவதற்கு இரண்டு. மூன்றாவது பையனை அனுப்பினால் வழங்கி உறவையே முறித்துக்கொள்ளலாம்.

ஏன் இரண்டு? அதற்குமோர் வரலாறு உண்டு. 1999 யூனில் வெளிவந்த எச்.ரீ.ரீ.பி. 1.1 விதியேடு, ஒருவர் ஒரு வழங்கியோடு இரண்டு இணைப்புக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது என்று அறிவுறுத்தியது. அக்கால உலாவிகள் பெரும்பாலும் அதைக் கடைப்பிடித்தன. பின்னர் உலாவிகள் அதை ஆறு வரையில் உயர்த்தின. 2014இல் திருத்திய ஏட்டில் அந்த எண்ணே நீக்கப்பட்டது. ஆயினும் நெடுங்காத்திருப்பை அளவின்றிக் கையாண்டால் இன்றும் தொல்லை வரும். பழைய 1.1 முறையில் நடக்கும் ஒரு தளத்தை ஏழு தாள்களில் திறந்துவைத்து, ஒவ்வொன்றும் ஒரு வேண்டுகையை நிறுத்திவைத்தால், ஏழாவது தாள் ஏன் அசையவில்லை என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

இருவர் ஓடத் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் பிறக்கிறது. மூத்தவன் நடந்து போகிறான், இளையவன் சைக்கிளில் போகிறான். பின்னே புறப்பட்டவன் முன்னே போய்ச் சேருகிறான். "நீலம் பத்துக் கட்டு வேண்டும்" என்பது முதற்சீட்டு. "முன்னர் சொன்னதை ஐந்தாக்குக" என்பது இரண்டாஞ்சீட்டு. முதலாளி இரண்டாவதை முதலிற் படித்தால் என்ன செய்வார்? ஆதலின் ஒவ்வொரு சீட்டுக்கும் தொடரிலக்கம் இட வேண்டும். எட்டாவது முன்னே வந்தால், ஏழாவது வரும் வரை அதை மேசையில் வைத்திருக்க வேண்டும். பொஷ் முறையில் இவ்விலக்கம் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை, எவரும் ஊகிக்க முடியாத ஒரு பெரிய எண்ணிலிருந்து தொடங்குகிறது. அடுத்த இலக்கம் இன்னதென்று பிறத்தியார் அறிந்தால், உம்மாவின் பெயரால் அவர்கள் ஒரு சீட்டு நுழைத்துவிடலாம் அல்லவா?

இவ்விலக்கத்தின் பெரும்பயன் வேறொன்று. இளைஞர்கள் இவ்விடத்தைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். பையன் போனான், திரும்பி வரவில்லை. வழியில் விழுந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது விழுந்தானா, வரும்போது விழுந்தானா? போகும்போதென்றால் முதலாளிக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை, மறுபடியும் அனுப்பத்தான் வேண்டும். வரும்போதென்றால் முதலாளி நூலை நிறுத்துக் கட்டிவைத்துவிட்டார், மறுபடியும் அனுப்பினால் இன்னொரு பங்கு கட்டிவிடுவார். வீட்டிலிருக்கும் உம்மாவுக்கு இவ்விரண்டில் எது நடந்ததென்று அறிய வழியே இல்லை. இணைப்பு அறுந்த கைத்தொலைபேசிக்கும் இதே கதிதான். இதற்கு மருந்து, அதே சீட்டை அதே இலக்கத்தோடு திரும்ப அனுப்புவது. முதலாளி பேரேட்டைப் பார்ப்பார். அவ்விலக்கம் முன்னே வந்ததானால் நூலை மீண்டும் நிறுக்கமாட்டார், முன்னர் எழுதிக் கொடுத்த மறுமொழியின் பிரதியையே கொடுப்பார். இருமுறை கேட்கலாம், ஒருமுறையே நடக்கும்.

இதனால் நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டாம். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் கடல் நம் கரையேறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாண்டிருப்பும் மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் மாளிகைக்காடும் காரைதீவும் அழுததை இங்கிருக்கும் மூத்தோருக்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. அப்போது நம் நாட்டுக் கணனிப் பொறியியலாளர் பலர் தொண்டர்களாகக் கூடி, சகன என்றொரு மென்பொருளைச் சில நாட்களில் எழுதினார்கள். சிங்களத்திலே நிவாரணம் என்று பொருள். காணாமற் போனோர் பதிவு, உதவும் அமைப்புகளின் பதிவு, முகாம்களின் பதிவு, இன்ன இடத்தில் இன்னது வேண்டுமென்ற கோரிக்கைகளின் பதிவு ஆகியன அதில் இருந்தன. இணைய உலாவி வழியாகவே இயங்கியது. அப்போது அமைக்கப்பட்ட தேசிய செயற்பாட்டு நிலையம் அதைப் பயன்படுத்தியது. பின்னர் 2005இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிற்றியிலும் கைகொடுத்தது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநலப் பரிசை அமெரிக்காவிலுள்ள கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டு அப்பரிசைப் பெற்றது விக்கிப்பீடியா என்றால் அதன் தரம் விளங்கும்.

இத்தகைய பதிவேடொன்றிலே, வெள்ளத்தின்போது ஒரு முகாமிலிருந்து தொண்டர் ஒருவர் "நாற்பது குடும்பம், பால்மா வேண்டும்" என்று கைத்தொலைபேசியில் அனுப்புகிறார் என்க. சக்கரம் சுழல்கிறது, சிக்னல் போகிறது. மறுபடியும் அழுத்துகிறார். இலக்கமிட்டுப் பார்க்கும் ஒழுங்கில்லாத மென்பொருளானால் நாற்பது, எண்பது ஆகும். லொறி இருமுறை வரும். இது கணக்குப் பிழை மட்டுமா? நம் கரையோரத்திலே ஊர்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரு தமிழ் ஊர், அடுத்தது முஸ்லிம் ஊர், அடுத்தது மறுபடியும் தமிழ் ஊர். ஓர் ஊருக்கு இருமுறை போய் அடுத்த ஊருக்கு ஒருமுறையும் போகவில்லையென்றால், இலக்கம் இடாத மென்பொருளின் குற்றம் என்று எவராவது சொல்லுவார்களா? "அவங்களுக்கு மட்டும் குடுத்தாங்க" என்றே சொல்லுவார்கள். அந்தச் சொல் எவ்வளவு காலம் நின்று புகையும் என்பதை இப்பகுதியார் அறிவோம். ஆகவே ஒரு வேண்டுகைக்கு இலக்கம் இடுவதை வெறும் தொழில்நுட்பக் காரியமாக எம்மால் எண்ண முடியவில்லை.

கடைப்பக்கத்து நிலையையும் சிறிது சொல்லவேண்டும். வாசலில் ஒரு பையன் நின்றால் முதலாளிக்குப் பாரமில்லை. பத்தாயிரம் வீட்டுப் பையன்கள் நின்றால்? பழைய வழங்கிகள் நிற்பவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தின. நிற்பவன் சும்மா நிற்க, கணக்கப்பிள்ளையும் சும்மா இருந்து சம்பளம் வாங்குவார். பத்தாயிரம் இணைப்பை ஒரு வழங்கி எப்படித் தாங்கும் என்று டான் கெகல் என்பவர் 1999இல் எழுப்பிய கேள்வி புகழ்பெற்றது. விடை என்னவெனில், ஒரு கணக்கப்பிள்ளையே எல்லோர் பெயரையும் ஏட்டில் எழுதிவைத்து, எவருக்குச் சரக்கு வந்ததோ அவரை மட்டும் கூப்பிடுவது. இத்துறையில் இலங்கையர் கைவண்ணம் உண்டு. நம் நாட்டவர் பெரும்பங்கு கொண்டு எழுதிய அப்பாச்சி சினாப்ஸ் என்னும் மென்பொருள் இவ்வாறு காத்திருப்போரைத் தடையின்றித் தாங்கும் முறையில் அமைந்தது.

அவ்வாறே அப்பாச்சி அக்சிஸ்2 என்பதும் பெரிதும் கொழும்பிலே உருவாயிற்று. அதன் 1.0 பதிப்பு 2006 மே மாதம் வெளிவந்தது. அது வேறொரு வழியையும் காட்டிற்று. பையனை நிறுத்தவே வேண்டாம், அவன் சீட்டைக் கொடுத்து வீட்டு முகவரியையும் எழுதிவிட்டுத் திரும்பலாம். மறுமொழி ஆயத்தமானதும் கடைக்காரரே வீட்டுக்கு ஆளனுப்புவார். பத்துச் சீட்டுக்கான பத்து மறுமொழிகளும் முன்பின்னாக வந்தாலும், எச்சீட்டுக்கு எது என்று இலக்கத்தால் பொருத்திக்கொள்ளலாம். நல்ல வழிதான். ஆனால் கேட்பவருக்குத் தெருவைப் பார்த்த வாசலும் நிலையான முகவரியும் இருக்க வேண்டும். வங்கிக்கும் வங்கிக்கும் இடையில் இது பொருந்தும். கைத்தொலைபேசிக்கோ அப்படியொரு முகவரி பெரும்பாலும் இல்லை, தொலைபேசி நிறுவனத்தின் பொது வாசலுக்குள்ளே அது ஒரு மூலையில் இருக்கிறது. வெளியிலிருந்து எவரும் நேரே வந்து கதவைத் தட்ட முடியாது. அதற்காகத்தான் உள்ளிருந்து ஒருவன் புறப்பட்டுப் போய்க் கடையில் நிற்க வேண்டியிருக்கிறது.

2011 டிசெம்பரில் வெப்சொக்கெற் என்னும் முறை ஏட்டிலேறியது. முதல் வேண்டுகை எச்.ரீ.ரீ.பி. ஆகவே போய், "இனி இருவரும் விரும்பியபடி பேசுவோமா?" என்று கேட்கிறது. வழங்கி இசைந்தால் அவ்விணைப்பே இருவழிக் குழாயாகிவிடுகிறது. 2015இல் வந்த எச்.ரீ.ரீ.பி. 2 ஓர் இணைப்பிலேயே பல வேண்டுகைகளை ஒருங்கே செலுத்த வகை செய்தது. இரண்டு பையன் கணக்கு இவற்றுக்குத் தேவையில்லை. அப்படியானால் பழையதை ஏன் இவ்வளவு சொன்னீர்கள் என்று இளைஞர் கேட்கலாம். சொக்கெற் ஐஓ என்னும் பரவலான மென்பொருள் இன்றும் முதலில் நெடுங்காத்திருப்பிலேதான் தொடங்குகிறது, பின்னரே வெப்சொக்கெற்றுக்கு மாறுகிறது. புதிய குழாயை நடுவிலிருக்கும் காவற்காரர் சிலர் விடுவதில்லை என்பதே காரணம். மேலும், குழாய் எதுவாயினும் அது அறும். அறுந்தபின் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கும். வெப்சொக்கெற் அதற்கு விடை தருவதில்லை. எழுதுபவரே இலக்கமிட்டுக் கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லுவோம். இத்தனை நயமும் கடல் வரும் செய்தியை அறிவிப்பதற்கு உதவாது. 2012 ஏப்பிரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது கரையோர மக்கள் உள்நாடு நோக்கி நகர்ந்தார்கள். பேரலை வரவில்லை. ஆனால் எல்லோரும் ஒருங்கே தொலைபேசியை எடுத்தமையால் இணைப்புக் கிடைப்பது அரிதாயிற்று. ஒவ்வொருவரும் கேட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மறுமொழி தரும் முறைக்கு அந்நேரத்திலே வலுவில்லை. கோபுரம் ஒன்று ஒருமுறை கூவ, அதன் எல்லைக்குள்ளிருக்கும் எல்லாத் தொலைபேசிகளும் கேட்கின்ற செல் ஒலிபரப்பு என்னும் முறையே அதற்கு உகந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோயில் மணியும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. கேட்பவர் பத்துப் பேரா, பத்தாயிரம் பேரா என்பது அவற்றுக்கு ஒன்றுதான். இருவழிச் செய்தியின் காலம் அதற்குப் பின்னர் வருகிறது: யார் எங்கே, எவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் காலம்.

அக்காலத்திலும் ஒரு தந்திரம் வேண்டும். மின்சாரம் திரும்பி, கோபுரம் உயிர்பெற்றதும் எல்லாத் தொலைபேசிகளும் ஒரே கணத்தில் வழங்கியின் கதவை இடித்தால் அது மறுபடியும் விழும். ஆகையால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சீட்டெடுத்தாற்போல, ஒன்று மூன்று செக்கனும் ஒன்று பதினொரு செக்கனும் தாமதித்துத் தட்ட வேண்டும். திறக்காவிடில் தாமதத்தை இரட்டித்துக்கொண்டு போகவேண்டும். திருவிழாக் கூட்டத்தை வாசலில் கயிறு கட்டிச் சிறிது சிறிதாக விடுகிறோமே, அதுபோல. இங்கே கயிறு அவரவர் கையிலேயே இருக்கிறது.

மன்றத்து இளைஞர்களில் சிலர் ஒலுவில் பல்கலைக்கழகத்திலே கணனி பயில்கிறீர்கள். சிலர் இரத்ததானப் பதிவுக்கும், மாலை வகுப்புப் பதிவுக்கும் சிறு மென்பொருள் எழுத எண்ணியிருப்பதாகவும் கேள்விப்பட்டோம். நன்று. எழுதி முடித்ததும் கொழும்பிலுள்ள வேகமான இணைப்பில் அதைச் சோதிக்க வேண்டாம். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டுகின்ற ஓர் இடத்துக்கு, மழைநாளாயின் இன்னும் நல்லது, தொலைபேசியை எடுத்துச் செல்லுங்கள். படிவத்தை நிரப்பி அனுப்பென்று அழுத்துங்கள். அழுத்திய கையோடு டேற்றாவை நிறுத்துங்கள். பத்துச் செக்கன் கழித்துத் திறந்து மறுபடியும் அழுத்துங்கள். பொறுமையிழந்த ஒருவர் செய்வதுபோல் மூன்றாம் முறையும் அழுத்துங்கள். பின்னர் வந்து, பதிவேட்டிலே அப்பெயர் எத்தனை முறை இருக்கிறதென்று எண்ணிப் பாருங்கள்.